குளியலறை மச்சினி

அந்தச் சிலந்தி முதலில் மச்சானாகத்தான் வந்தது. ஒரு மழை நாளில், உள்ளங்கை அகலத்துக்கு, சொல்லாமல் கொள்ளாமல் குளியலறைக் குழாய்க்குப் பின்னாலிருந்த ஓட்டையில் குடியேறியது. கிளம்புகிற உத்தேசமே தெரியவில்லை. பெண்டாட்டியின் தம்பி வந்து தங்கிய தினுசு அப்படியே இருந்ததால், அந்த வீட்டுத் தையல்காரர் அதற்கு மச்சான் என்று பேர் வைத்தார். தினமும் சவரம் செய்வதற்கு முன் செய்தித்தாளை உரக்க வாசிப்பார். விளையாட்டுப் பக்கத்துக்கு இரண்டு கால் வெளியே வரும். அரசியல் வந்தால் உள்ளே போய்விடும். நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கதவைத் தட்டிவிட்டுப் போவது நல்லது.

அவர் மனைவி அருங்காட்சியகத்தில் சிலந்தி ஆராய்ச்சியாளர். காடு மேடெல்லாம் அலைந்தும் புதிய இனம் ஒன்றுகூட அகப்படாதவர். குளிக்கப் போகும்போது கண்ணாடியைக் கழற்றி வைப்பது அவர் வழக்கம். குழாய் ஒழுகியதால் ஒருநாள் கண்ணாடியோடு உள்ளே போனவர், வெகுநேரம் வெளியே வரவில்லை.

"இப்படியொரு சிலந்தி எந்தப் புத்தகத்துலயும் இல்லைங்க. அதோட, இது பொம்பளை."

மச்சான் மச்சினியானது. தையல்காரர் அன்றிலிருந்து துண்டு கட்டிக்கொண்டே குளித்தார்.

ஆனால் புதிய இனம் என்று எழுத வேண்டுமென்றால் ஓர் உடல் ஸ்பிரிட்டில் ஊறி அலமாரியில் இருக்க வேண்டும். அது அருங்காட்சியகத்து வழக்கம். மனைவி சீசாவோடு வந்தார். தையல்காரர் குளியலறைக் கதவை மறித்து நின்றார்.

"தலை நரைக்கிற வரைக்கும் தேடியிருக்கேங்க."

"தெரியும். நீ போன காட்டுக்கெல்லாம் சோறு கட்டிக் கொடுத்தவன் நான்தானே? ஆனா நம்பி வந்தவளை எப்படிம்மா..."

ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கிடைத்தது.

ஞாயிறு காலை மச்சினி தரையில் மல்லாந்து கிடந்தது, கால்களைப் பரப்பியபடி. தையல்காரர் செய்தித்தாளைப் பிரிக்காமலே மனைவியைக் கூப்பிட்டார்.

"நாம பேசினது காதுல விழுந்திருச்சு போல. போய்ச் சேர்ந்துட்டா. எடுத்துக்கோ."

மனைவி குனிந்து பார்த்தார். சீசா கையில், அனுமதியும் தானாக வந்துவிட்டது. வெகுநேரம் பேசவில்லை. அந்த மௌனம் தையல்காரருக்குப் பழக்கமானது. பொய் சொல்ல ஆசை வந்து, வாய் வராமல் போகிற மௌனம்.

"சாகலைங்க," என்றார் கடைசியில். "தோலை உரிக்குது. தொடாதீங்க."

சீசாவை ஓரமாக வைத்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். தையல்காரர் நிலைப்படியில் உட்கார்ந்தார். மதியத்துக்குள் மச்சினி, இறுக்கமான கையுறையிலிருந்து விரல் விரலாக உருவிக்கொள்வதுபோல், பழைய தோலைவிட்டு வெளியே வந்தது. எங்குமே கிழிசல் விழாதபடி கழற்றியதைப் பார்த்துத் தையல்காரருக்குக் கொஞ்சம் பொறாமை.

பெண் சிலந்தியின் உள்ளுறுப்பின் அச்சுகூட அந்தத் தோலில் ஒட்டியிருக்குமாம். இனம் பிரிக்க முக்கியமானதே அதுதானாம். மனைவி அதை வைத்தே ஆராய்ச்சி இதழ் ஒன்றுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினார். மீதி உடல் எங்கே என்று கேட்டுப் பதில் வந்தது.

குளியலறையில் நலம், நேரில் வந்து பார்க்கலாம் என்று எழுதிப் போட்டார்.

"ஒத்துக்குவாங்களா?"

"தெரியலைங்க. இல்லேன்னா அடுத்த தோலையும் அனுப்புவோம்."

தையல்காரர் யோசித்தார். ஆராய்ச்சியாளர்கள் எந்த நேரத்திலும் வரக்கூடியவர்கள். அன்று மாலையே துண்டுக்குப் பித்தான் வைத்துத் தைத்துவிட்டார்.