தைத்து மூடிய உறைகள்

திருகோணமலையின் சீனன்குடா விமானத் தளத்தில் நின்ற சிறிய பயணிகள் விமானத்துள், இருக்கை ஒன்றின் அடியில் கையை நுழைத்த யோகலிங்கம் திகைத்துப் போனார். உயிர்காப்புச் சட்டையை வைத்திருந்த உறையின் வாய் நைலோன் நூலால் இறுகத் தைக்கப்பட்டிருந்தது. அடுத்த இருக்கையும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. போர் மூண்டு தரைப்பாதை அடைபட்ட அந்நாளில் யாழ்ப்பாணத்துப் பலாலிக்குச் செல்லும் வழி முழுவதும் கடலின் மேலேதான். பாதுகாப்புச் சாதனங்களைப் பரிசோதித்து அவர் ஒப்பமிட்டாலன்றி விமானம் எழலாகாது.

"ஆர் பாத்த வேலை இது?"

நிலைய முகாமையாளர் பாக்கியரத்தினம் சிரித்தார். "கத்தாதையும் ஐசே. ஒவ்வொரு முறையும் ஆமிக்காரன் உறை எல்லாத்தையும் திறந்து குண்டு தேடுறான். தைச்சு விட்டால் தடவிப் பாத்திட்டுப் போயிடுவான். மூதூர் சரீப் காக்காவைக் கொண்டு தைப்பிச்சனான்."

கிழிந்த மீன்வலை பொத்துபவரான சரீப், அண்ணன் என்ற பொருளில் எல்லாருக்கும் 'காக்கா', வெளியே நிழலில் இருந்தார். அழைத்ததும் பெருமிதத்தோடு ஏறி வந்தார்.

"வலை முடிச்சு சேர். தண்ணி பட்டா இன்னும் இறுகும். சுறா இழுத்தாலும் அவிழாது."

யோகலிங்கத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "காக்கா, பிளேன் கடலிலை விழுந்தால் சனம் இழுத்துப் போடுற சட்டை உள்ளுக்குக் கிடக்கு!"

சரீப்பின் முகம் வெளிறியது. "யா அல்லாஹ்! சீட்டுக்குக் கீழ உள்ள பை கிழியாமத் தைங்க எண்டுதானே இவர் சொன்னவர்!"

"சரி, சரி. பொழுதுபட்டால் ஆமி பறக்க விடாது. இண்டைக்குக் கையெழுத்தைப் போடும். நாளைக்கு வெட்டுவம்" என்றார் பாக்கியரத்தினம்.

நாளைக்கா! ஈசன் ஈந்த உயிர்களை நாளை என்னும் சொல்லில் முடிந்துவைக்க இவர் யார்?

"இதிலை இருங்கோ" என்றார் யோகலிங்கம். "இருந்தபடி ஒரு சட்டையை எடுத்துக் காட்டுங்கோ. பிறகு கையெழுத்து."

படியில் காத்துநின்ற பயணிகள் எட்டிப் பார்த்தனர். பாக்கியரத்தினம் குனிந்தார், இழுத்தார், நகத்தால் பிறாண்டினார். நூல் இம்மியும் இளகவில்லை.

முன்னால் நின்ற கனகமணி என்னும் பயணி கேட்டாள்: "கடலுக்குள்ளை கிடந்துகொண்டு நாங்கள் கத்திக்கு ஆரிட்டைப் போறது?"

சரீப் தம் வலைக்கத்தியை உருவினார். அவர் ஒவ்வொரு தையலாய் அறுக்க, குண்டு தேட வந்த சிப்பாய் ஒவ்வோர் உறையாய்ச் சோதிக்க, யோகலிங்கம் ஒவ்வொரு சட்டையாய் எடுத்துப் பார்த்து உரியவாறு மடித்து வைத்தார். அதற்குள் பொழுது சாய்ந்தது. பறக்க அனுமதி மறுக்கப்பட்டது. பயணிகள் பெட்டிகளின் மேல் அமர்ந்து முணுமுணுத்தனர்.

"இந்தா நிக்கிறார்!" விமான வாசலில் நின்ற யோகலிங்கத்தை நோக்கிப் பாக்கியரத்தினம் கைநீட்டினார். "ஒரு நூலுக்காக உங்கள் எல்லாரையும் மறிச்சவர்!"

கனகமணி எழுந்து நின்றாள். "ஓம், அவர் மறிச்சவர். நீர் எங்களை எங்கை அனுப்ப இருந்தனீர்?"

முணுமுணுப்பு அடங்கிற்று. பாக்கியரத்தினம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு நிலையத்துக்குள் போனார். யோகலிங்கம் கடைசி உறையையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, ஆறாச் சினத்தோடு படியிறங்கினார்.