படியில் வாரும்

ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு வாய்த்த மனைவிக்கு லிஃப்ட் என்றால் குலை நடுக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்து நடக்கும் தமிழ் ஆராதனையில் இது ஓயாத கேலி. ஆராதனை முடிந்ததும், சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்த குட்டை பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அப்போது யாராவது ஒருவர் பேச்சை எடுத்துக் கொடுப்பார். அவளும் சளைக்கமாட்டாள். "இவரு ரிப்பேர் பண்ணின லிஃப்ட்டா? அப்ப நான் கண்டிப்பா படியிலதான் வருவேன்." பல தடவை கேட்டதுதான் என்றாலும் கூட்டம் சிரிக்கும். அங்கே எல்லாரும் அவனை லிஃப்ட்காரன் என்றே கூப்பிட்டார்கள். லிஃப்ட்காரனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

வீடு தேடியபோதும் மாடி வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் கிடைத்தது தரைத்தளத்துக்கும் கொஞ்சம் கீழே இறங்கின வீடு. முன்னறை ஜன்னல் நடைபாதையோடு ஒட்டியிருந்தது. வெளியே போகிறவர்களின் முழங்காலுக்கு மேல் எதுவும் தெரியாது. பிள்ளைகள் அந்த ஜன்னலில் உட்கார்ந்து செருப்பையும் ஷூவையும் வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். பக்கத்து வீட்டு அம்மா வருகிறார், தபால்காரர் வருகிறார் என்று அறிவிப்பு வரும். ஒரு பக்கமாகத் தேய்ந்த கறுப்புக் காலணி வந்தால் அம்மா. துணி திருத்தித் தைக்கும் கடையில் நாள் முழுக்கக் கால் மிதித்துத் தையல் ஓட்டிவிட்டு, இடுப்பில் ஒன்றிரண்டு குண்டூசி குத்தியபடியே வீட்டுக்கு வருவாள்.

மூத்தவளுக்கு எட்டு வயது. யார் எது பேசினாலும் திருத்துவதால் வீட்டில் அவள் பெயர் டீச்சர். இளையவனுக்கு நாலு முடிந்திருந்தது. வாண்டு என்று சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பான். பள்ளியிலும் பக்கத்து வீட்டிலும் வேறு மொழி. தமிழ் என்பது பெரும்பாலும் அம்மாவின் வாயிலிருந்து வருவதுதான். அதிலும் பாதி, சாயங்கால ஜெபத்தில் வருவது.

அந்த ஜெபத்தை லிஃப்ட்காரன் கேட்டதே இல்லை. அவனுக்கு எப்போதும் சாயங்கால ஷிஃப்ட். பிள்ளைகள் முழங்காலில் நிற்கிற நேரத்தில் அவன் எங்கோ ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், கிரீஸ் கையோடு இருப்பான்.

ஒரு நாள் அப்படி இருக்கும்போதுதான் போன் அடித்தது. கை அழுக்காக இருந்ததால் ஸ்பீக்கரில் போடச் சொன்னான். கூட வேலை பார்க்கிற, ஒல்லியாக இருப்பதால் கம்பி என்று பெயர் வாங்கின தோழன், பட்டனை அழுத்தினான். வாண்டின் குரல் அறை முழுக்க ஒலித்தது.

"அப்பா, நீர் எங்கே இருக்கிறீர்? சீக்கிரம் வாரும்."

கம்பி ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "பையன் உன்னையே சாமியாக்கிட்டானேப்பா. இனிமே உனக்கு ஒரு உண்டியல் வைக்கணும்."

வீட்டுக்குப் போய் அவளிடம் கேட்டான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காரணம் சொன்னாள். கடவுளை ஏன் நீங்க என்று சொல்லாமல் நீர் என்று சொல்கிறோம் என்று வாண்டு கேட்டிருக்கிறான். குடிக்கிற தண்ணீரும் அவரும் ஒன்றா என்று வேறு சந்தேகம். அவளுக்கும் சட்டென்று விளக்கம் தோன்றவில்லை.

"கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க, ஆனா நாம பேசுறதைக் கேட்டுட்டு இருப்பாங்க. அப்படிப்பட்டவங்களை நீர்னு சொல்லணும்னு சொல்லி வச்சேன். போன்ல நீங்களும் அப்படித்தானே இருக்கீங்க? அவன் கணக்கு சரியாத்தான் இருக்கு."

கணக்கு உண்மையிலேயே பிசகவில்லை. போனில் நீர், உமக்கு, வாரும் என்று மரியாதை கொட்டுகிறவன், அப்பா கதவைத் திறந்து உள்ளே வந்த நிமிஷமே, "நீ என்ன வாங்கிட்டு வந்தே?" என்று கீழே இறங்கிவிடுவான். அதற்காகவே லிஃப்ட்காரன் சில நாள் வீட்டு வாசலில் நின்றுகொண்டே போன் செய்வான். நீர் என்பது நீ ஆகிற அந்த இடத்தைக் கேட்க அவனுக்கு அவ்வளவு ஆசை.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன காலையில் எல்லாம் சாதாரணமாகவே இருந்தது. சின்ன ஆபரேஷன் என்றுதான் சொன்னார்கள். கிளம்பும்போது போகிறேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அப்படியே வளர்ந்தவள். வாசலில் குனிந்து வாண்டின் மூக்கைப் பிடித்து, "வரேன்டா" என்றாள். பிறகு தேய்ந்த கறுப்புக் காலணி ஜன்னலைத் தாண்டிப் போயிற்று.

ஆபரேஷன் நன்றாக முடிந்து, அதன் பிறகு வந்த காய்ச்சல்தான் அவளைக் கொண்டுபோனது. அடக்கத்துக்கு டீச்சரை மட்டும் அழைத்துப் போனார்கள். சின்னவன் பார்க்க வேண்டாம், பயந்துவிடுவான் என்று யாரோ சொன்னார்கள். லிஃப்ட்காரனுக்கு அப்போது எதற்கும் தலையாட்டத்தான் தெரிந்தது. வாண்டு பக்கத்து வீட்டில் கலர் பென்சிலோடு உட்கார்ந்திருந்தான். அம்மா கடவுளிடம் போய்விட்டாள் என்று அவனிடம் பின்னால் சொன்னார்கள். சரி என்று கேட்டுக்கொண்டான். எங்கே போனாலும் வரேன் என்று சொல்லிவிட்டுத்தானே போனாள். ஆகவே பள்ளி விட்டு வந்ததும் ஜன்னலில் உட்கார்ந்து செருப்புகளைப் பார்க்க ஆரம்பித்தான்.

லிஃப்ட்காரன் காலை ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டான். சமைக்கக் கற்றான், தலை பின்னக் கற்றான். பின்னல் கோணலாக இருக்கிறது என்று டீச்சர் கண்ணாடியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள், ஆனாலும் அவிழ்க்கமாட்டாள். மாலையில் பிள்ளைகள் முழங்காலில் நின்றபோது அவனும் பின்னால் போய் உட்கார்ந்தான். மனைவி போனதிலிருந்து அவனுக்கு ஜெபம் வரவில்லை. வாயைத் திறந்தால் சண்டைதான் வரும்போல் இருந்தது. டீச்சர்தான் நடத்தினாள். அம்மா எங்கே மூச்சு விடுவாளோ அங்கே மூச்சு விட்டு, எங்கே குரலைத் தாழ்த்துவாளோ அங்கே தாழ்த்தி, வார்த்தை மாறாமல் சொன்னாள். நடுவில் இப்படி வந்தது:

"வேலைக்குப் போயிருக்கிற அப்பாவைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவாரும். உயரத்தில் அவர் கால் இடறாமல் பார்த்துக்கொள்ளும்."

இத்தனை வருஷம், இருட்டுக் குழிக்குள் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த ஒவ்வொரு சாயங்காலமும், அவனுக்குத் தெரியாமல் இந்த வரி போய்க்கொண்டு இருந்திருக்கிறது. அவள் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை.

"நான்தான் வீட்டுக்கு வந்துட்டேனேம்மா," என்றான் மெதுவாக.

டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை. "அம்மா இப்படித்தான் சொல்லுவாங்க. மாத்தக் கூடாது."

ஆனால் வாண்டு கண்ணைத் திறந்தான். அப்பாவை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். "அப்பா வந்தாச்சுல்ல. இனிமே அம்மாவைக் கொண்டுவாரும்னு சொல்லு."

டீச்சர் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பெரியவர்கள் பார்க்கிற பார்வை அது. அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்குச் சொல்லாமல் விட்டது, அப்படியே நாள் நாளாகத் தள்ளிக்கொண்டு போயிற்று.

வீட்டுக்காரருடைய மகனுக்குக் குடியிருக்க இடம் தேவைப்பட்டது. மனுஷர் சங்கடப்பட்டுக்கொண்டுதான் கேட்டார். தேடி அலைந்ததில் டீச்சரின் பள்ளிக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு அமைந்தது. லிஃப்ட்காரனின் கம்பெனிதான் அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிக்கிறது. அவனே கயிறு மாற்றின லிஃப்ட். ஒரு சனிக்கிழமை இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டுபோய் அதில் ஏற்றிக் காட்டினான். பட்டனை அமுக்க வாண்டுக்கு அனுமதி கிடைத்தது. மேலே போகும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தான். புது வீட்டு முன்னறைக்குள் நுழைந்ததும் நேரே ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தான். திரும்பியபோது முகம் மாறியிருந்தது.

"நான் வரல. இங்கேருந்து பார்த்தா தலைதான் தெரியுது."

"அதனால என்னடா?"

"அம்மா தலை மேலேருந்து எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதே."

வாண்டு விடவில்லை. அம்மா பழைய வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினால் யாரோ திறப்பார்கள், அம்மா பயந்துவிடுவாள், அவளுக்கு இந்த வீடு தெரியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். திரும்பிப் போகும்போது லிஃப்டில் ஏறமாட்டேன் என்று அழுது, படியில் இறங்கினான்.

அன்று ராத்திரி வாண்டு தூங்கப்போகும் முன் சொல்லிவிடுவது என்று லிஃப்ட்காரன் முடிவு செய்தான். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தான். அம்மா வரமாட்டா என்கிற இரண்டு வார்த்தை. அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். வாண்டு அவன் முகத்தையே பார்த்தான். வெளியே வந்தது, "போர்வை போத்திக்கடா" என்பதுதான்.

சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த டீச்சர் தலையைத் தூக்காமல் கேட்டாள். "இன்னிக்கும் சொல்லலையாப்பா?"

"இல்லம்மா."

"நான் சொல்லட்டுமா?"

எட்டு வயசுக் குழந்தை தன் கையிலிருந்து பாரத்தை வாங்கிக்கொள்ளக் கேட்கிறது என்பதே அவனுக்குத் தாங்கவில்லை. "வேண்டாம்மா, நானே சொல்றேன்," என்றான்.

சொல்ல முடியாமலே பழைய வீட்டின் கடைசிச் சாயங்காலமும் வந்துவிட்டது. சாமான்கள் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன. பேசினால் சுவர் எதிரொலித்தது. துணி மடித்தபோது அவளுடைய பாவாடை இடுப்பிலிருந்து ஒரு குண்டூசி அவன் விரலில் குத்தியது. அதை எடுத்துச் சட்டைப் பையின் ஓரத்தில் குத்திக்கொண்டான்.

ஜெபத்துக்கு மூன்று பேரும் வெறுந்தரையில் முழங்காலில் நின்றார்கள். டீச்சர் வாயைத் திறக்கும் முன் லிஃப்ட்காரன், "இன்னிக்கு நான் பண்றேன்," என்றான். ஜெபத்திலாவது சொல்லிவிடலாம், நேருக்கு நேர் பார்க்காமல் சொன்னால் முடியும் என்று அவனுக்கு ஒரு நப்பாசை. கண்ணை மூடினான்.

"ஆண்டவரே, நீங்க..."

"நீர்," என்றாள் டீச்சர்.

"நீர்... இந்த வீட்ல எங்களை இவ்வளவு நாள் வச்சிருந்தீங்க..."

"வைத்திருந்தீர்."

வாண்டு களுக்கென்று சிரித்தான். லிஃப்ட்காரனுக்கும் சிரிப்பு வந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் நகரவில்லை. அவன் முழங்காலில் நின்றபடியே இருந்தான். நடைபாதையில் யாருடைய காலடியோ போயிற்று. வாண்டு அன்றைக்கு ஜன்னலைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா நிறுத்தின இடத்திலிருந்து தனக்கு முறை வந்துவிட்டது என்று நினைத்தானோ என்னவோ, கைகளைக் கூப்பிப் பேச ஆரம்பித்தான்.

"அம்மா, நாங்க நாளைக்கு வேற வீட்டுக்குப் போறோம். அக்கா ஸ்கூல் பக்கத்துல. பச்சைக் கதவு. மூணாவது மாடி."

கொஞ்ச நேரம் யோசித்தான்.

"லிஃப்ட் இருக்கு. ஆனா உமக்குப் பயம். நீர் படியில வாரும்."

லிஃப்ட்காரன் கண்ணைத் திறந்தான். நேற்றுவரை அம்மா அவனுக்கு நீதான். நீ எங்கே வச்சே, நீ ஊட்டு, நீ வா என்றுதான் பேசியிருக்கிறான். அவள் இல்லாதபோது அவளைப் பற்றிப் பேசியதும் அதே ஒருமையில்தான். இன்றைக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டான். கண்ணுக்குத் தெரியமாட்டார்கள், கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

டீச்சர் திருத்துவாள் என்று அவன் எதிர்பார்த்தான். ஜெபத்தில் அம்மாவிடம் பேசக் கூடாது என்று ஞாயிறு வகுப்பில் படித்திருப்பாள். அவள் தம்பியையே பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். பிறகு, "ஆமென்," என்றாள். லிஃப்ட்காரன் தம் பிடித்து அதையே சொன்னான். மனைவி போனபின் அவன் ஜெபமாகச் சொல்லி முடித்த முதல் வார்த்தை அதுதான்.

மறுநாள் சாமான் ஏற்றுகிற வண்டியில் வாண்டு அழாமல் ஏறினான். ஏறும் முன் முன்னறை ஜன்னல் பக்கம் போய் ஒருமுறை வெளியே போகிற கால்களைப் பார்த்துவிட்டு வந்தான், அவ்வளவுதான்.

அவன் புரிந்துகொண்டானா, அல்லது போனில் நீர் என்று கூப்பிட்ட அப்பா ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்துசேர்ந்ததுபோல் அம்மாவும் வருவாள் என்றுதான் இன்னும் எண்ணுகிறானா என்று லிஃப்ட்காரனுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லும் நாள் வரும். அன்றைக்கு அவனுக்குத் துணையாக நீர் என்கிற அந்த ஒரு சொல் இருக்கும்.

புதுக் கட்டடத்துக்காரர்களுக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. லிஃப்டைப் பழுது பார்க்கிற ஆள், வேலை முடிந்து களைத்து வரும்போதுகூடப் படியில்தான் ஏறுகிறான். அங்கே லிஃப்ட் பார்க்க வந்து எதிர்ப்பட்ட கம்பியே ஒருநாள் கிண்டல் பண்ணினான். "நீ மாத்தின கயிறு மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

லிஃப்ட்காரன் சிரித்துக்கொண்டே ஏறினான். பின்னால் காலடி ஏதும் கேட்கிறதா என்பதுபோல், படிகளில் சத்தமில்லாமல் கால் வைப்பான். மூன்றாவது மாடித் திருப்பத்தில் கொஞ்சம் நின்று, மூச்சு வாங்குகிற மாதிரி, கீழே திரும்பிப் பார்ப்பான். பிறகுதான் பச்சைக் கதவைத் தட்டுவான்.