பச்சை விளக்கு எரியும் இடம்

இதனால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில்: 2005ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், நோட்டன் பிரிட்ஜுக்குக் கீழே ஓர் ஓடைக்கரையில், மனித குலம் மின்சாரத்தைக் காவல் காத்த யுகம் முடிவுக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்துச் சின்ன மின்நிலையம் இனித் தன் நலத்தைத் தானே கொழும்புக்குச் சொல்லும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, ஹட்டனில், பெரிய திரைக்கு முன்னால் நின்று கம்பனி டிரெக்டர் பேரின்பநாயகம் இதை உலகுக்கு அறிவிப்பார். 'மனிதக் கை படாத மின்நிலையம்' என்று பேனரும் அடித்தாயிற்று.

அந்தத் திரையில் நிலையத்தின் அளவுகளைக் கோடாக ஓடவைக்கும் மென்பொருளை எழுதியவன் செந்தூரன். வெள்ளிக்கிழமை கோடு ஓடினால் அவனுக்கு வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் யாழ்ப்பாணத்துக்கு பஸ்.

ஒரே ஒரு விஷயம் அவனை அரித்தது. நிலையத்தின் அளவுகள் நிமிடத்துக்கொன்றாக வரவேண்டும். வந்தவையோ காலை ஒன்பதே முக்காலுக்கு ஒரு குவியல், பின்னேரம் இரண்டரைக்கு ஒரு குவியல். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே இல்லை. முதலில் பனிமூட்டத்தைச் சந்தேகித்தான். பிறகு கைபேசிக் கோபுரத்தை. கடைசியில், மிகுந்த மனவருத்தத்தோடு, தன் நிரலை. ஆனால் இம்மூன்றில் எதுவும் ஞாயிற்றுக்கிழமை லீவு எடுப்பதாக அவன் படித்ததில்லை.

புதன்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தான். அளவுகளைச் சேர்த்து அலைவழி அனுப்பும் பெட்டி இருக்கவேண்டிய சுவரில் இரண்டு ஆணிகள் மட்டும் இருந்தன. பக்கத்தில் நிலையக் காவலாளி வீரய்யா பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி எங்கை?"

"மலைக்கு வேலைக்குப் போயிருக்குங்க சேர்."

முக்கால் மணிநேரம் ஏறினான். ஒன்பதாம் நம்பர் மலையில் வீரய்யாவின் தங்கை ராக்காயி கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். கூடைக்குள், கொழுந்துக்கு அடியில், பொலித்தீன் சுற்றிய பெட்டி. அதில் பச்சை விளக்கு.

அவள் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். செந்தூரன் எழுதிய அறிவுறுத்தல்தான்: சிவப்பு விளக்கு எரிந்தால் அலை கிடைக்கவில்லை; பச்சை விளக்கு எரியும் இடத்துக்குப் பெட்டியை மாற்றவும். சுவரில் ஒரு சாண் அப்படி இப்படி என்று அவன் நினைத்து எழுதியிருந்தான். அண்ணனும் தங்கையும் லயத்து வீடுகள், கோயில், பாடசாலைக் கூரை எல்லாம் ஏறி, தோட்டம் முழுக்கத் தேடியிருக்கிறார்கள். பச்சை எரிந்தது இங்கே மட்டும்தான். இரவெல்லாம் நிலையத்தில் அளவு சேர்த்த பெட்டியை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து கொண்டுவருவாளாம். மதியச் சாப்பாட்டுக்கு இறங்கும்போது நிலையத்தில் மாட்டிவிட்டு, மறுபடி தூக்கி வருவாளாம்.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"பெட்டியே எல்லாத்தையும் சொல்லிரும்னு நீங்கதானே சேர் சொன்னீங்க."

செந்தூரனுக்குக் கோபம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மர்மம் தீர்ந்த சந்தோஷத்தில் அவளிடம் எதையெதையோ கேட்டுக்கொண்டு நின்றான். வெள்ளிக்கிழமை பற்றிக் கேட்டபோதுதான் சந்தோஷம் போனது.

"அன்னைக்கு எங்களுக்குக் கீழ் மலைங்க. கண்டாக்கு பிரிச்சு விட்டுட்டாரு."

மலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் கண்டாக்கிடம் போய் அரைமணி நேரம் தொழில்நுட்பம் விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"அப்ப ராக்காயிதான் உங்க ஏரியலா?"

கொஞ்சம் யோசித்து, ஆமென்றான் செந்தூரன். அனுமதி கிடைத்தது. மிச்சமிருந்த ஒரு நாளில், காலைக் குவியலை நிமிடத்துக்கொன்றாகச் சொட்டவிடப் பெட்டியைப் பழக்கினான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் திரையில் கோடு ஓடியது. நடுவில் ஒருமுறை தடுமாறி, மறுபடி ஓடியது. ஒரு மனிதக் கைகூடப் படவில்லை என்று பேரின்பநாயகம் குரல் தழுதழுக்கச் சொன்னார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. செந்தூரனின் வேலை அங்கேயே நிரந்தரமானது.

அந்த நேரம் ஒன்பதாம் நம்பர் மலையில் மழை. ராக்காயி பெட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.