நாத்தனார் பிடித்த கயிறு

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. திருடினேன். மாப்பிள்ளையூரணியில் தையல்கடை வைத்திருக்கும் ஆறுமுகத்தாயிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு, மூன்று தடவை நடையாய் நடந்தேன். நாலாவது தடவை கத்தியே விட்டேன்.

"என் தம்பி பொண்டாட்டி வானத்துல கெடக்கா. உனக்கு ரவிக்கைதான் அவசரமாக்கும்?" என்றாள்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'முத்து விளைந்த கடலோரத்தில் ஒரு விண்மீன்...' சீச்சீ, பாராட்டு விழா பேனர் மாதிரி இருக்கிறது. அடுத்தது: 'கடலும் வானமும் கலந்த அந்த வேளையில் இந்துமதி தன்'

(தன் என்ன? தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

நேரே சொல்கிறேன். இந்துமதி தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் பராமரிப்புப் பொறியாளர். எட்டு வருஷம் அந்த வேலை. பிறகு விண்வெளிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எழுதிப் போட்டாள். மாதக்கணக்கில் சோதித்து எடுத்துக்கொண்டார்கள். "பெர்மனன்ட் வேலைய எவளாவது விடுவாளா?" என்று நாத்தனார் ஆறுமுகத்தாய் சண்டைக்கு வந்தாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நாலு வருஷம்.

3

புறப்படும் முன் ஒரு படிவம். வாரம் ஒருமுறை பேசவும், ஏதாவது ஆனால் முதல் செய்தியை வாங்கவும் வீட்டில் ஒருவர் பெயர் வேண்டும். இந்துமதி தன் கணவன் சுடலைக்கண்ணன் பெயரை எழுதவில்லை. ஆறுமுகத்தாய் என்று எழுதினாள்.

(இங்கே என் பாத்திரத்தை நானே நம்பவில்லை. உலகத்தில் எவள் நாத்தனார் பெயரை எழுதுவாள்?)

காரணம் உண்டு. துறைமுகத்தில் தண்ணீருக்கு அடியில் வேலை செய்ய, சங்கு குளிப்பவர்கள் வருவார்கள். உள்ளே இறங்குபவன் இடுப்புக் கயிற்றை மேலே மச்சினன் கையில்தான் கொடுப்பான். கூடப்பிறந்தவள் தாலிக்காக அவன் கண்ணசரக்கூட மாட்டான் என்று நம்பிக்கை. இந்துமதி அதை அப்படியே திருப்பிப் போட்டாள். "அப்ப எனக்கு மதினிதான புடிக்கணும்? தம்பி ஒத்தையா நிக்கக் கூடாதுன்னு உசுரக் குடுத்துப் புடிப்பா" என்று கணவனிடம் சொன்னாளாம்.

விண்வெளி அலுவலகத்திலிருந்து ஆறுமுகத்தாய்க்குப் போன் வந்தது. "எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கெடையாது" என்று வைத்துவிட்டாள். மறுநாள் அவளே கூப்பிட்டு, "எத்தன மணிக்குப் பேசணும்?" என்று கேட்டாள்.

4

எழுதிக்கொண்டே கண்ணயர்ந்துபோனேன். கனவில் இந்துமதி கிரேன்களுக்கு மேலே, உப்பளங்களுக்கு மேலே, முடி அவிழ்ந்து மெதுவாகப் போகிறாள். கப்பல்கள் சத்தமில்லாமல் ஊதுகின்றன. புன்னைக்காயல் படகுகள் அவளுக்குக் கீழே நகர்கின்றன, இல்லை, அவள்தான் அவற்றுக்குக் கீழே. விழித்தபோது எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள்.

5

முதல் வாரம் திரையில் இந்துமதி முகம் வந்தது.

"மதினி, இங்கன வந்து ஒரு இஞ்சு வளந்துட்டேன். முதுகெலும்பு நீண்டுருது."

"ஐயய்யோ! தீவாளிக்கு ஒண்ணா நாலு ரவிக்கை பழைய அளவுக்குல்லா தச்சு வச்சிருக்கேன்?"

இந்துமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எறங்குனா பழையபடி ஆயிருவேன் மதினி."

"ஆவணும்ளா."

6

முடிவு அ: இந்துமதி இறங்குகிறாள், நாலு ரவிக்கையும் கச்சிதம்.

முடிவு ஆ: (எழுதினேன். கிழித்துவிட்டேன்.)

நேற்று ஆறுமுகத்தாயிடம் அ-வை வாசித்துக் காட்டினேன். தையல் மிஷின் நின்றது.

"அவ இன்னும் எறங்கவே இல்ல. எறக்குறதுக்கு நீ யாருளா?"

"நல்லபடியாத்தான அக்கா எழுதியிருக்கேன்?"

"நல்லபடியா எழுதுனாலும் வேண்டாம்."

இறங்க இன்னும் பதினொரு நாள். எனக்கும் பயமாக இருக்கிறது, பேனாவை மூடுகிறேன். நீங்கள் இதை எந்தத் தேதியில் படிக்கிறீர்களோ. என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்காதீர்கள். முதல் செய்தி ஆறுமுகத்தாய்க்குத்தான் போகும், அவளிடம் போய்க் கேளுங்கள்.