ஒவிலாவின் கல்லில் பாதிப் பெயர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பக்கத்து வீட்டு ஒனேசிமை நாலு பேர் முன்னால் மட்டம்தட்டத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். காலை வணக்கத்தையே சொற்பொழிவாக ஆற்றுகிறவர். குடும்பப்பெயர் திரான்ஷ்மோந்தாஞ், மலையைப் பிளந்தவன் என்று பொருள். (செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் பிரெஞ்சு பேசும் எங்கள் ஊரில் பிளப்பதற்கு ஒரு மேடுகூடக் கிடையாது.)

2

"முந்நூறு ஆண்டுகளுக்கு முன், பிரான்சிலிருந்து கப்பலேறிய மாவீரன் ஒருவன், அலைகளை..."

வேண்டாம். இது ஒனேசிமின் நடை. பெக் என்றொரு சிப்பாய் வந்தான், அவ்வளவுதான். அந்தக் காலப் படையில் ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. 'பெக் என்கிற திரான்ஷ்மோந்தாஞ்'. பேரன் காலத்தில் 'பெக்' உதிர்ந்தது, 'என்கிற' உதிர்ந்தது, சவடால் மட்டும் தங்கியது. (அவன் பிளந்தது விறகாக இருக்கலாம். ஆதாரம் என்னிடம் இல்லை. ஒனேசிமிடமும் இல்லை.)

பிறகு அந்த வம்சத்து ஒவிலா, ஒனேசிமின் அப்பா, பதினேழு வயதில் எல்லை தாண்டி, இங்கிலீஷ் பேசும் பக்கத்து நாட்டுப் பஞ்சாலை வேலைக்குப் போனார். ஆலை மேஸ்திரிக்கு அவ்வளவு நீளப் பெயரைக் கூப்பிடப் பொறுமையில்லை. மலையை மட்டும் வைத்துக்கொண்டு 'ஹில்' ஆக்கிவிட்டான். மகள் ரெஜான் அங்கேயே ஹில்லாக வளர்ந்தாள். மகன் ஒனேசிமைப் படிப்புக்காக இங்கே சித்தப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். வயதான காலத்தில் ஒவிலா ஊர் திரும்பினார்.

3

ஜனவரியில் இறந்தார். நிலம் உறைந்திருந்ததால், குளிர்காலத்தில் செத்த எல்லோரையும் போல, கல்லறைத் தோட்டத்துக் கொட்டிலில் பெட்டிக்குள் காத்திருந்தார். மே மாதம் மண் இளகியது. கல்தச்சர் ஃபிலேமோன் உளியோடு வந்தார். கல்லில் ஏற்கெனவே மனைவி பெயர் இருந்தது: அஸில்தா மொராஸ். எங்கள் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் மண்ணுக்குள் போவார்கள். அதன் கீழே அவருக்கு என்ன பெயர்?

"ஹில்லா? என் பொணத்து மேல வெட்டச் சொல்லு!" என்றார் ஒனேசிம்.

"உன் பொணத்துக்கு இன்னும் நாளிருக்குண்ணே. இப்ப அப்பாதான் காத்துக்கிட்டிருக்காரு," என்றாள் ரெஜான்.

"இங்கிலீஷ்காரன் மாட்டுக்குச் சூடு போடுற மாதிரி போட்ட பேருடி அது!"

"மலையைப் பொளந்தவன்னு வெச்சது யாரு, வானத்துலேருந்து வந்த சம்மனசா? அதுவும் எவனோ ஒரு கேப்டன்தான். ஹில்லுங்கற பேர்லதான் நாப்பது வருஷம் தறி ஓட்டி உன்னைப் படிக்க வெச்சாரு. எம் பசங்க வந்து நின்னா தாத்தாவைக் கண்டுபிடிக்க வேணாமா?"

4

இங்கே ஒனேசிம் ஒரு சொற்பொழிவு ஆற்றி, நாம் எல்லோரும் சிரித்திருக்க வேண்டும். என் திட்டம் அதுதான். ஆனால் அவர் தொப்பியைக் கழற்றினார்.

"எட்டு வயசுல அப்பாவப் பாக்க அங்க போயிருந்தேன். ஆலை வாசல்ல எவனோ 'ஹில்!'னு கத்தினான். யாரையோ கூப்பிடுறான்னு நெனச்சேன். அப்பா திரும்பினாரு. அப்பவே என்னை விட்டுப் போயிட்ட மாதிரி இருந்துச்சு."

இந்தப் பாத்திரத்தை நான் இப்படி அமைக்கவில்லை.

5

முடிவுகள் சில. இரண்டு பெயரையும் 'என்கிற' போட்டு வெட்டலாம். ("கல்லு பத்தாதுங்க," என்றார் ஃபிலேமோன்.) அம்மாவைப் போல அப்பாவுக்கும் பிறந்த பெயரே போதும் எனலாம். ("அம்மா பேரை யாரும் அவங்ககிட்டேருந்து பிடுங்கல. அப்பா நாப்பது வருஷம் வாழ்ந்த பேரை மட்டும் நாம பிடுங்கலாமா?" என்றாள் ரெஜான்.) ஒரேயடியாகப் பெக்குக்கே திரும்பலாம். அது யாரென்று அங்கே ஒருவருக்கும்...

"ஒவிலா வரைக்கும் சண்டை இல்லையே?" என்று கேட்டு, ஃபிலேமோன் அதை மட்டும் வெட்டி முடித்தார். அண்ணனும் தங்கையும் என்னைப் பார்த்தார்கள். எதற்கும் ஒரு அபிப்பிராயம் வைத்திருக்கிற எனக்கு இதற்கு இல்லை. பெட்டி குழியோரம் வந்துவிட்டது. உளி அடுத்த எழுத்துக்கு மேல் நிற்கிறது.

நீங்கள் சொல்லுங்கள். யோசித்துச் சொல்லுங்கள், நான் காகிதத்தில் அடித்தெழுதுவது போல அவரால் கல்லில் முடியாது.