நிமிடத்துக்கு ஐந்நூறு லிட்டர்

முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் இராஜாங்கத்துக்கு ஒரு மா நிலம். பதினோரு வருடம் முன்பு, சென்னைக்குக் குடிபோன சந்தானகிருஷ்ணனிடம் வாங்கியது. மகள் எழில்மொழி அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள்.

இதுவரை வாய்க்கால் பாசனம்தான். எவ்வளவு பாய்ந்தது என்று யாரும் அளந்ததில்லை. இந்த வருடம் தண்ணீர் வரத் தாமதமானதால், நடவுக்காக முதல் தடவையாகத் தண்ணீர் இறைக்க டீசல் இன்ஜின் வைத்தார்கள். எவ்வளவு நேரம் ஓட வேண்டியிருக்கும் என்று அப்பா கேட்டார். எழில்மொழி அளந்து பார்த்தாள். இருநூறு லிட்டர் டிரம் இருபத்துநான்கு வினாடியில் நிரம்பியது. அப்படியானால் நிமிடத்துக்கு ஐந்நூறு லிட்டர். ஒரு மா என்பது சுமார் 1,350 சதுர மீட்டர். அதில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க 67,500 லிட்டர் வேண்டும். இரண்டே கால் மணி நேரம் என்றாள்.

இரண்டே கால் மணி நேரம் கழித்து வயலில் இரண்டு சென்டிமீட்டர்தான் நின்றது. 40,500 லிட்டரைக் காணோம்.

தண்ணீர் ஒழுகுகிறதா என்று இராஜாங்கம் வரப்பைச் சுற்றி நண்டு வளை தேடினார். ஒன்றுமில்லை. பக்கத்து வயலும் காய்ந்து வெடித்துக் கிடந்தது, அங்கேயும் தண்ணீர் போகவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அளவுகோலை வயலில் நட்டுவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டினாள். அதே இரண்டு சென்டிமீட்டர். வேகத்தை முந்நூறு லிட்டராகக் குறைத்து நூறு நிமிடம் ஓட்டினாள். அப்போதும் அதேதான். இன்ஜினை நிறுத்தினாள். கசிவு இருந்தால் தண்ணீர் இறங்க வேண்டும், இறங்கவில்லை. ஓட்டை என்றால் அதற்கென்று ஒரு வேகம் இருக்கும். இது கொடுத்ததை மட்டும், கொடுத்த வேகத்தில், வாங்கிக்கொண்டது.

இன்ஜின் ஓடியபோது தண்ணீரில் மிதந்த வைக்கோல் தூசி வடகிழக்கு மூலைக்கு நகர்ந்து போயிருந்தது. அங்கே கயிறு கட்டியதுபோல நான்கு நேர்கோடுகளாக, ஒரு செவ்வகமாக நின்றது. அவள் அதை அளந்தாள். நீளம் பன்னிரண்டு மீட்டர், அகலம் ஒன்பது.

அளவைச் சொன்னதும் இராஜாங்கம் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அங்கே முன்பு ஒரு குட்டை இருந்ததாம். விற்பதற்கு முன் சந்தானகிருஷ்ணன் அதைத் தூர்க்கச் சொன்னார். டிராக்டர் ஓட்டியது இராஜாங்கம்தான். தொண்ணூறு டிப்பர் மண், ஒரு டிப்பருக்கு மூன்று கன மீட்டர். அதை மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"தண்ணிய எறைக்காம மண்ணக் கொட்டுனோம்மா. குட்டை தளும்பிக் கெடந்துச்சு. ஆனா ஒரு சொட்டு வெளிய வழியல. அது எங்க போச்சுன்னு யாரும் கேக்கல. நானும் கேக்கல."

எழில்மொழி கணக்குப் போட்டாள். கொட்டிய மண் 270 கன மீட்டர், அன்று குட்டையிலிருந்து மாயமான தண்ணீரும் அதே அளவு, அதாவது 2,70,000 லிட்டர். இரண்டு நாளில் காணாமல் போனது 1,00,500. மீதி 1,69,500. நிமிடத்துக்கு ஐந்நூறு வீதம் 339 நிமிடம். காலை எட்டுக்கு ஆரம்பித்தால் மதியம் ஒன்று முப்பத்தொன்பதுக்கு முடியும். இந்த விடை தப்பாக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

ஞாயிறு காலை எட்டுக்கு இன்ஜினைப் போட்டார்கள். இருவரும் சாப்பிடப் போகவில்லை. ஒன்றரைக்கும் இரண்டு சென்டிமீட்டர்தான். ஒன்று முப்பத்தொன்பதுக்குத் தூசிக் கோடுகள் கலைந்து வயலெங்கும் பரவின. தண்ணீர் ஏறத் தொடங்கியது. சரியாக மூன்று மணிக்கு ஐந்து சென்டிமீட்டர் நின்றது. இராஜாங்கம் இன்ஜினை நிறுத்தினார்.

"குட்டை ரொம்பிருச்சு," என்றார்.

"நீங்க கொட்டுன மண்ணும் அங்கதானேப்பா இருக்கு?"

அவர் மண்வெட்டியோடு மூலையில் இறங்கினார். நாலு பக்கமும் சேற்றை அணைத்து, உள்ளே நின்ற தண்ணீரை வாளியால் இறைத்துவிட்டுத் தோண்டினார். ஒன்றரை அடியில் ஒரு பிடி மண்ணை அள்ளி மகளின் உள்ளங்கையில் வைத்தார். சித்திரை மாதத்துத் தெருப்புழுதிபோல அது காய்ந்திருந்தது. விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது.

தோண்டியதை மூடிவிட்டு, அன்று சாயங்காலமே அந்தப் பன்னிரண்டுக்கு ஒன்பது மீட்டர் இடத்தைச் சுற்றி இராஜாங்கம் தனி வரப்புக் கட்டினார். மற்ற இடத்தில் நட்டார்கள். நெல் வழக்கம்போல விளைந்தது. அந்த மூலையை மட்டும் உழவும் இல்லை, விற்கவும் இல்லை.