முதுகுக்கு ஒரு வசனம்

ஜப்பானிய அனிமேஷன் தொடர்களை மொழிமாற்றம் செய்யும் அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திரம் முதுகைக் காட்டினால் உதட்டசைவு தெரியாது. அங்கே வசனத்தைத் திணித்துவிடலாம். வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் எடிட்டர். வசனம் எழுதுகிறவள் அவருடைய மனைவியின் தங்கை. வேலை வாங்கித் தந்ததே தான்தான் என்பதை அவர் அவளை மறக்க விட்டதில்லை.

அன்றைய தகராறு ஒரு டம்ளரைப் பற்றியது.

திரையில் ஒரு சிறுமி, அப்பாவின் இறுதிச் சடங்கு முடிந்து வீடு திரும்பியிருக்கிறாள். நமக்கு முதுகைக் காட்டியபடி இரண்டு டம்ளர்களைக் கழுவுகிறாள். ஒன்றை மேடையில் கவிழ்க்கிறாள். மற்றதைத் துடைத்து, எக்கி, அலமாரியின் மேல்தட்டில் வைக்கிறாள். பிறகு அசையாமல் நிற்கிறாள். குழாய் மட்டும் சொட்டுகிறது.

"அப்பா! நீங்க இல்லாம நான் எப்படி இருப்பேன்!" என்று அலறியது அந்த முதுகு.

"இதை நான் எழுதலையே, அத்தான்."

"நான்தான் எழுதினேன். நீ சும்மா விட்டிருந்தே."

"அவ பேசவே மாட்டா. அப்பாவோட டம்ளரை எடுத்து மேல வைக்கிறாளே, அதுல எல்லாம் வந்துடுச்சு."

"வரையறதுக்குச் சோம்பேறித்தனம். ஒரே படத்தை நிறுத்தி வெச்சிருக்கான். நீ அதுக்குப் போய் உருகுறே."

"நிஜ நடிகைன்னா சும்மா நின்னாலும் மூச்சு விடுவா. இதுல வரைஞ்சாத்தான் எதுவும் அசையும். சொட்டுற தண்ணிய அவ்வளவு அழகா வரைஞ்சவருக்கு அவ தோளைக் குலுங்க வைக்கத் தெரியாதா? தெரிஞ்சேதான் விட்டிருக்கார்."

"பார்க்கிறவன் டிவி கெட்டுப்போச்சுன்னு ரிமோட்டைத் தட்டுவான்."

"அமைதின்னா உங்களுக்குத்தான் பயம்."

"பயமா? உங்கக்காவோட குப்பை கொட்டுறவன் நான். அவ வாயை மூடினா என்ன கோபம்னு துப்புத் துலக்கணும். வீட்ல அந்தக் கூத்து போதாதா?"

"என்னிக்காவது துலக்கியிருக்கீங்களா?"

எடிட்டரின் முகம் கறுத்தது. ஒலிப்பதிவாளர் அவசரமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

மேலாளர் வந்து காட்சியைப் பார்த்தார். "அழுகை நல்லாத்தான் இருக்கு. நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அவள் திரையைப் பார்த்தாள். அவருக்குப் புரிகிற மாதிரி எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தாள்.

"அவளுக்கும் சம்மதம்தான் சார்," என்றார் எடிட்டர்.

"இல்ல சார்..." என்று அவள் திரும்புவதற்குள் மேலாளர் கைப்பேசியைக் காதில் வைத்தபடி நடைவழிக்குப் போய்விட்டார். ஒலிப்பதிவாளர் அந்தக் காட்சியின் ஃபைலை இனி மாற்ற முடியாதபடி பூட்டினார்.

"என் பேரை எடுத்துடுங்க," என்றாள் அவள்.

"தாராளமா."

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எடிட்டர் தொடரின் முடிவில் பெயர்கள் வரும் அட்டையைத் திறந்து அவள் பெயரை அழித்தார். கறுப்புத் திரையில் 'வசனம்' என்ற சொல் மட்டும் நின்றது. அதன் கீழே ஒன்றுமில்லை.

சற்று நேரம் பார்த்தார். நாற்காலியில் நெளிந்தார். பிறகு அந்த இடத்தில் தன் பெயரைத் தட்டச்சு செய்தார்.